டெக்குக்குக் குளிருதாம்

செருப்பைக் கழற்றிக் கொடிக்கம்பத்தின் அடியில் விட்டுவிட்டு, ஆவுடையம்மாள் டீச்சர் மைதானத்தின் கிழக்கு மூலையிலிருந்து நடக்கத் தொடங்குகிறார். உழுகிற மாட்டைப் போல நேராக மேற்கே போய், ஓரடி தள்ளித் திரும்பி, மறுபடியும் கிழக்கே வருகிறார். கண் தரையைவிட்டு எழுவதில்லை. முள், சோடா மூடி, குற்றாலத்துக்குப் போகிற சீசன் கூட்டம் இடிந்த சுவருக்கு மேலாக வீசிவிட்டுப் போன பாட்டிலின் சில்லு, எது காலில் பட்டாலும் குனிந்து எடுத்துத் தோளில் தொங்கும் மஞ்சள் பைக்குள் போடுகிறார். காலை மணி அடிப்பதற்குள் அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்து மைதானம் முழுவதும் அவருடைய பாதத்தின் அடியில் ஒருமுறை வந்து போயிருக்கும்.

"விளக்குமாறு போட்டுக் கூட்டச் சொல்லலாமே டீச்சர்?" என்று ஒருநாள் மகளைக் கொண்டுவிட வந்தபோது கேட்டேன்.

"வெளக்குமாத்துக்கு வலிக்குமா? பிள்ளைக வெறுங்காலோட ஓடுதுக. குத்துனா மொதல்ல எனக்குக் குத்தட்டும்."

நாற்பத்தெட்டு வயது. நெடுநெடுவென்ற உடம்பு. சேலைக் கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேலே தூக்கி ஊக்கு குத்தியிருப்பார். கழுத்தில் தாலியோடு கறுப்புக் கயிற்றில் ஒரு விசில். நடக்கும்போது தாலியும் விசிலும் ஒன்றையொன்று இடித்து 'டிக் டிக்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வராந்தாவின் அந்த முனையில் கேட்டாலே இந்த முனையில் நிற்கிற பிள்ளைகள் முதுகை நிமிர்த்திக்கொள்வார்கள். கூன் போட்டு நிற்கிற பெண்ணைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஏட்டி, நெஞ்ச நிமித்து! ஒங்க அய்யா கடனையா சொமக்கே?"

சாரல் மாதங்களில் வேறு பள்ளிக்கூடங்களில் உடற்பயிற்சி வகுப்பு என்றால் பிள்ளைகள் வகுப்பறையிலேயே கணக்குப் போடுவார்கள். இவர் வகுப்பு நடக்கும். ஆனி, ஆடி என்றால் செங்கோட்டைக் கணவாயிலிருந்து காற்று பிய்த்துக்கொண்டு வரும். பூந்தூறல் முகத்தில் பொடியாக அடிக்கும். பிள்ளைகள் கோ-கோ விளையாடிக்கொண்டிருப்பார்கள். "சாரலுக்குப் பயந்தவ எதுக்குட்டி தென்காசியில பொறக்கணும்?" என்பார். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருத்தி தலையையும் தன் கையாலேயே துவட்டிவிடுவார். துவட்டும்போதும் திட்டிக்கொண்டேதான் இருப்பார்.

அவர் டிரில் சொல்லிக்கொடுக்கிற முறை ஒன்று உண்டு. பிள்ளைகளுக்கு எதிரே, அவர்களைப் பார்த்தபடி நிற்பார். "இடது!" என்று குரல் கொடுத்துவிட்டுத் தன் வலது கையைத் தூக்குவார். எதிரே நிற்கிற பிள்ளைக்கு அது தன் இடதுகைப் பக்கமாகத் தெரியும். "என்னயக் கண்ணாடியா நெனச்சுக்கோங்கட்டி. நான் எந்தப் பக்கம் சாயுதனோ அந்தப் பக்கம் சாயுங்க, அம்புட்டுத்தான்." ஆறாம் வகுப்பில் சேர்கிற குழந்தைக்குக்கூட இது ஒரு வாரத்தில் பழகிவிடும். டீச்சருக்கோ ரத்தத்தில் ஊறிவிட்டது. வாசலில் நிறுத்தி யாராவது கோயிலுக்கு வழி கேட்டால், "இடது பக்கம் திரும்புங்க" என்று சொல்லிக்கொண்டு வலது கையை நீட்டுவார். கேட்டவர் விழிப்பார். "நான் ஒங்க இடதச் சொல்லுதேன் அண்ணாச்சி!" என்று அதற்கும் ஒரு கோபம்.

மேலிடத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வரும் எந்திரங்களுக்கும் அவருக்கும் என்றுமே ஒத்துப்போனதில்லை. எழுபத்தொன்பதில் ஒரு டேப் ரிக்கார்டர் வந்தது. சுதந்திர தினத்தன்று பள்ளி முழுவதும் அதன் இசைக்கு டிரில் செய்ய வேண்டும் என்று உத்தரவு. பெரிய மனிதர்கள் எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, பாட்டு ஆரம்பித்தது. பாதியில் அதன் பேட்டரி செல் இறங்கிவிட்டது. இசை மெதுவாக, இன்னும் மெதுவாக இழுக்க, நானூறு பெண் குழந்தைகளும் அதோடு சேர்ந்து மெல்ல மெல்லக் குனிந்தார்கள். அடிபட்ட மாடு மாதிரி ஒரு முனகலோடு பெட்டி நின்றுபோனது. குனிந்தவர்கள் குனிந்தபடியே நின்றார்கள். யார் நிமிரச் சொல்வது? நாற்காலிகளில் சிரிப்பு வெடித்தது. ஆவுடையம்மாள் விசிலை ஊதினார். ஊதிவிட்டு, சிரித்தவர்கள் பக்கம் திரும்பினார். "பிள்ளைக சொன்ன சொல்லக் கேக்குதுக. சொல்லுத சவத்துக்குத்தான் உசுரு இல்ல" என்றார். அந்த செல்களை வெயிலில் காயவைத்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும் என்று யாரோ யோசனை சொன்னார்கள். டீச்சர் அவற்றைப் பொறுக்கியெடுத்து மஞ்சள் பைக்குள், கண்ணாடிச் சில்லுகளோடு சேர்த்துப் போட்டார்.

அதெல்லாம் சின்ன எரிச்சல். உண்மையான அநியாயம் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இந்த ஆண்டு பள்ளி திறந்ததும் ஒரு கலர் டி.வி.யும், வீடியோ கேசட்டைப் போட்டுப் படம் காட்டுகிற ஒரு டெக்கும் வந்தன. கூடவே உடற்பயிற்சிப் பாடம் என்று ஒரு கேசட். நீலச் சேலை கட்டிய ஒரு பெண் அதில் வந்து, தேர்ந்த குரலில் சொல்லிக்கொடுக்கிறாள். இனி எல்லா உடற்பயிற்சி வகுப்பும் டி.வி. அறையில்தான் என்று சுற்றறிக்கை. அறைச் சாவி அறிவியல் டீச்சர் ஞானபாக்கியத்திடம் இருந்தது.

வகுப்பில் அந்தக் கேசட்டை ஒருமுறைகூடப் போடுவதற்குள் சாரல் பிடித்துவிட்டது; டெக் ஓட மறுத்தது. முகப்பில் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. மைக் செட் கடை முகம்மது மீரானைக் கூட்டிவந்து காட்டினார்கள்.

"உள்ள ஈரம் பாஞ்சிருக்கு டீச்சர். ஈரத்தோட ஓடுனா நாடா உருளையில ஒட்டிக்கிடும். அதனால மெஷினே வேண்டாங்கு. ரிப்பேருல்லாம் ஒண்ணுமில்ல. காயவைக்கணும்."

"எம்புட்டு நாளைக்கு?" என்றார் ஞானபாக்கியம்.

மீரான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். திரிகூட மலையே தெரியாதபடி மேகம் இறங்கியிருந்தது. "சாரல் முடியுத வரைக்கும்" என்றார்.

ஞானபாக்கியம் பாவம், பயந்த சுபாவம். அரசாங்கப் பொருளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் தன் தலையில் விடியும் என்று, வீட்டிலிருந்து ஒரு கம்பளியைக் கொண்டுவந்து டெக்கைப் போர்த்தினார். பக்கத்தில் நூறு வாட் பல்பு ஒன்றை எரியவிட்டார். காற்று உள்ளே வராதபடி ஜன்னல்களைச் சாத்தினார். அந்தப் புழுக்கத்தில் பிள்ளைகள் வரிசையாகச் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிற என் மகளிடம் ஒருநாள், "இன்றைக்கு டிரில் பீரியடில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன். "டெக்கு காயுததப் பாத்துக்கிட்டு இருந்தோம்மா" என்றாள்.

மறுநாள் ஆவுடையம்மாள் அந்தக் கம்பளிப் போர்வையைப் பார்த்தார். வராந்தா முழுவதும் கேட்டது அவர் குரல். "டெக்குக்குக் குளிருதாம்ட்டி! கம்பளி போத்தி, குளிர்காய வெளக்குப் போட்டு வச்சிருக்காவ. ஒங்களுக்கு எவளாச்சும் ஒரு துண்டு குடுத்தாளா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். தலைமையாசிரியை சாவித்ரி சிரிக்கவில்லை. "மேலேருந்து சொல்றா ஆவுடை. நான் என்ன பண்ணட்டும்?" என்றார். நல்ல பெண்மணி. ஆனால் மேலிடத்துக் காகிதம் எது வந்தாலும் உடனே பேனாவைத் திறந்துவிடுகிற நல்ல பெண்மணி.

இத்தோடு நின்றிருந்தால் சாரல் முடிந்ததும் எல்லாம் மறந்துபோயிருக்கும். ஆனால் ஆனி மாதப் பெற்றோர் சங்கக் கூட்டத்தில் தலைவர் வல்லிநாயகம் எழுந்தார். அரிசி ஆலை வைத்திருப்பவர். ஊருக்கு நல்லது செய்வதில் அவருக்குக் குறையே கிடையாது. யாருக்கு எது நல்லது என்று அவரே முடிவு செய்துவிடுவார் என்பதுதான் சங்கடம்.

"டிரில்லு இப்பம் டி.வி.யிலயே வந்துட்டு. இனிம மைதானம் எதுக்கு? அங்கன ஒரு ஹால் கட்டிருவோம். டி.வி.ய அதுல வச்சா பிள்ளைக நெழல்ல நின்னே படிச்சுக்கிடும். இன்னொண்ணும் இருக்கு. சீசன் நேரம் ரோட்டுல பஸ்ஸுல போறவன் பூரா எட்டி எட்டிப் பாக்கான். வயசுக்கு வந்த பிள்ளைக தாவணியச் சொருவிக்கிட்டு ஓடுதுக. விசிலடிச்சுக்கிட்டுப் போறான். நமக்கு நல்லாருக்கா?"

பல தலைகள் ஆடின. ஆமாம், ஆமாம் என்று பெற்ற தாய்மார்களே ஆட்டினார்கள்! சுவரோரம் நின்ற ஆவுடையம்மாள் முன்னால் வந்தார். டிக் டிக்.

"அண்ணாச்சி, எட்டிப் பாக்குதவன் எங்கன நிக்கான்? ரோட்டுல. சுவரு எங்கன இடிஞ்சு கெடக்கு? ரோட்டுப் பக்கம். அப்பம் சுவரக் கட்டுங்க. மைதானத்த எதுக்குக் கட்டுதீய?"

"நல்லதுக்குத்தான் சொல்லுதோம் டீச்சரம்மா. கோவப்படாதீய."

"எவனோ ஒருத்தன் கண்ணு கெட்டதுக்கு எம் பிள்ளைக கால ஒடிப்பீயளோ?"

கூட்டத்தில் சலசலப்பு. கடைசியில் சாவித்ரி அம்மாள் ஒரு சமாதானம் சொன்னார். மேலதிகாரி அம்மா ஆய்வுக்கு வருகிறார், அன்று டி.வி. வழியாக டிரில் நடத்திக் காட்டுவோம். சரியாக நடந்தால் ஹால், இல்லையென்றால் மைதானம் மைதானமாகவே இருக்கட்டும். வல்லிநாயகமும் தலையசைத்தார். அப்படியாக, அந்த மண்ணின் தலையெழுத்து ஒரு பெட்டியின் கையில் போய்ச் சேர்ந்தது.

ஆய்வுக்கு முதல்நாள் டெக்கின் சிவப்பு விளக்கு அணைந்ததும் சாவித்ரி அம்மாள், "அந்தக் கேசட்டை ஒரு தடவை போட்டுப் பார்த்துடுங்கோ ஆவுடை" என்று கெஞ்சினார். ஆவுடையம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எனக்குச் சொல்லிக்குடுக்க ஒரு பெட்டியா? நான் அது மூஞ்சியில முழிக்க மாட்டேன்." கோபம் மனிதரை எவ்வளவு அழகாக நிமிர்ந்து நிற்கவைக்கிறதோ, அவ்வளவு குருடாகவும் ஆக்கிவிடுகிறது.

ஆய்வு நாளில் நானும் பெற்றோர் வரிசையில் இருந்தேன். இரவெல்லாம் பல்பின் சூட்டில் கிடந்த டெக் அன்று பார்த்து ஓடியது. பெஞ்சுகளை ஒதுக்கிப் பத்தாம் வகுப்புப் பெண்களை நெருக்கி நிறுத்தியிருந்தார்கள். இரண்டு கையிலும் கட்டையால் செய்த டம்பெல். முன்வரிசைக்குப் படம் தெரிந்தது. பின்னால் நின்றவர்களுக்கு முன்னால் நிற்பவளின் சடைதான் தெரிந்தது. அவர்கள் குரலை நம்பி நின்றார்கள்.

திரையில் நீலச் சேலைக்காரி சிரித்தாள். "இடது!" என்று சொல்லித் தன் இடது கையை வீசினாள்.

அவள் தன் சொந்த இடது கையைத்தான் வீசினாள். எதிரே நிற்பவர்களுக்கு அது வலது பக்கம்! அந்தப் பெண்ணுக்குக் கண்ணாடி டிரில் தெரியாது. இந்தப் பிள்ளைகளுக்கோ ஆறாம் வகுப்பிலிருந்து அது ஒன்றுதான் தெரியும். எதிரே நிற்கிற டீச்சர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம். முன்வரிசை முழுவதும் படத்தைப் பார்த்து வலது பக்கம் வீசியது. பின்வரிசை முழுவதும் குரலைக் கேட்டு இடது பக்கம் பாய்ந்தது. கட்டையோடு கட்டை மோதுகிற சத்தம். அதற்கு நடுவில் "அம்மா!" என்று ஓர் அலறல்.

குழல்வாய்மொழி. கோ-கோ அணியில் அவளை ஓடித் தொட்டவர் கிடையாது. அவளுடைய புருவத்தின் மேல் தோல் பிளந்து, ரத்தம் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வெட்டவெளியில் அத்தனை பேரிடமும் பிடிபடாமல் தப்பிய அந்தக் குழந்தைக்கு, அந்த அடைத்த அறையில் ஒதுங்கிக்கொள்ள ஓரடி இடம் இல்லை. திரையில் நீலச் சேலைக்காரி இன்னும் சிரித்தபடி, "வலது!" என்றாள்.

ஆவுடையம்மாள் பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். முந்தானையைச் சுருட்டிக் காயத்தில் அழுத்தினார். "ஒண்ணுமில்லட்டி, ஒண்ணுமில்ல, என்னயப் பாரு" என்றவர் சட்டென்று தன் நெற்றியில் தானே அறைந்துகொண்டார். "ஒரு தடவ பாத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமே! பாவி நான் பாக்கலையே!" அந்த முந்தானை சிவந்துகொண்டே வந்தது.

சரி, இத்தோடு பெட்டியின் சாயம் வெளுத்துவிட்டது, மைதானம் பிழைத்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். ஆஸ்பத்திரிக்குக் குழந்தையை அனுப்பிவிட்டு, எல்லோரும் தலைமையாசிரியை அறையில் கூடினோம். அதிகாரி அம்மா காபியை ஆற்றிக்கொண்டே, "உடற்பயிற்சி ஆசிரியையின் மேற்பார்வை போதவில்லை" என்றார். ஆவுடையம்மாள் மறுக்கவில்லை. தலையைக் குனிந்தார். ஒருவர் முன்னால் அவர் தலை குனிந்து நான் பார்த்தது அது ஒருமுறைதான்.

அப்போது வல்லிநாயகம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உண்மையிலேயே வருத்தப்பட்ட குரலில் சொன்னார். "டீச்சரைச் சொல்லிக் குத்தமில்லம்மா. இடம் பத்தல. நெருக்கத்துல இடிச்சுக்கிட்டுதுக. அதுக்குத்தான் பெரிய ஹாலா வேணுங்கேன். நாளைக்கே வேலைய ஆரம்பிச்சிருவோம்."

அதிகாரி அம்மா தலையாட்டினார். சாவித்ரி அம்மாள் பேனாவைத் திறந்தார்.

பெட்டி செய்த தவறுக்கு மண்ணுக்குத் தண்டனை! பிள்ளையின் ரத்தம் காய்வதற்கு முன்னால், அந்த ரத்தத்தையே சாட்சியாக வைத்து அவளுடைய மைதானத்தைப் பறிக்கிறார்கள்! ஆவுடையம்மாள் தலையைத் தூக்கினார். முகம் கன்றியிருந்தது.

"இடம் பத்தலையா? அண்ணாச்சி, வெளிய பாருங்க. எம்புட்டு இடம் கெடக்கு! நான் கேசட்டப் பாக்காம விட்டது என் தப்பு. அதுக்கு என்னய என்ன வேணும்னாலும் செய்யுங்க, வேலைய விட்டுக்கூடத் தூக்குங்க. சரியா ஓடுனா ஹாலு, இல்லேன்னா மைதானம்னு அன்னைக்குச் சொன்னீய. இன்னைக்குச் சரியா ஓடுச்சா? சொல்லுங்க, ஓடுச்சா?"

சாவித்ரி அம்மாள் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். மீரான் மட்டும், டெக்கை எடுத்து வைக்க வந்தவர், வாசலில் நின்று, "அந்தக் கேசட்டுல அந்தம்மா முதுகக் காட்டி நின்னிருந்தா இந்த வம்பே இல்ல" என்றார். பிறகு பெரியவர்கள் இருக்கிற இடத்தில் பேசிவிட்டோமே என்று வெளியே போய்விட்டார்.

மறுநாள் பிற்பகல் ஒரு லாரி இடிந்த சுவரின் வழியாகவே உள்ளே வந்தது. சுவர் கட்டாமல் விட்டது எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது! கோ-கோ தடத்தின் நட்ட நடுவில், இரண்டு கம்பங்களுக்கும் இடையே, ஒரு லோடு ஜல்லியைச் சரித்துவிட்டுப் போனது. வகுப்பறை ஜன்னல்களெல்லாம் பிள்ளைகளின் முகங்கள். புருவத்தில் தையல் போட்ட குழல்வாய்மொழியும் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்று என் மகள் சொன்னாள்.

ஆவுடையம்மாள் டீச்சர் சத்தம் போடவில்லையாம். அதைக் கேட்டதும் எனக்குத்தான் தாங்கவில்லை. அத்தனை பெரிய குரலும் போய்விட்டதா என்று மனம் அடித்துக்கொள்ள, இன்று காலை மகளோடு நானும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

சாரல் பொடிப் பொடியாக விழுந்துகொண்டிருந்தது. கொடிக்கம்பத்தின் அடியில் செருப்பு கிடந்தது. அடியில் ஓட்டை போட்ட டப்பாவில் சுண்ணாம்புத் தூளை எடுத்துக்கொண்டு, கோ-கோ கம்பத்திலிருந்து அவர் கோடு போட்டுக்கொண்டு வந்தார். கயிறு கட்டிப் பிடித்தாற்போல நேர்கோடு. ஜல்லிக் குவியலுக்கு இரண்டடி இருக்கும்போது, காவல்காரர் முப்பிடாதி வாசலிலிருந்து கூப்பிட்டார்.

"டீச்சரம்மா, குவியலச் சுத்திப் போடுங்க. காலு கிழிஞ்சிரும்."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வெறுங்காலைத் தூக்கி ஜல்லியின் மேல் வைத்தார். கற்கள் சரிந்தன. ஒரு கையை ஊன்றி ஏறினார். டப்பாவைத் தட்டிக்கொண்டே ஏறினார். தூள் எல்லாம் கல் இடுக்குகளுக்குள் இறங்கிவிட்டது. குவியலின் மேல் கோடு தெரியவில்லை. உச்சியில் நின்று ஒருமுறை கீழே பார்த்தார். வந்த வழியே இறங்கிப் போனார், டப்பாவை நிரப்பிக்கொண்டார், மறுபடியும் அதே இடத்தில் ஏறி, கல் வெளுக்கிற வரைக்கும் தட்டத் தொடங்கினார்.